கால் எட்டும் சைக்கிள்

என் பெயர் கோதண்டராமன். செஞ்சியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். எனக்கு முன்கோபம் உண்டு. மறைத்து என்ன பயன், டீக்கடை வரைக்கும் கேட்கிற சமாச்சாரம் அது. என்னிடம் டைப்பிங் வேலைக்கு வந்தவர்களில் யாரும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. வெரோனிகா மட்டும் இருபத்திரண்டு பார்த்துவிட்டார்.

வெரோனிகாவின் உயரம் நாலரை அடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வந்த வினை எல்லாம் அதனால்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்கும். மேசைக்கு அடியில் பழைய நகல் கட்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொள்வார். நான் வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால் என்று சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வருவார். எங்காவது கிழக்கையும் மேற்கையும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றால் விரல் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நானாகக் கண்டுபிடித்துத் திருத்தும்வரை காத்திருப்பார். பார்ட்டிகள் எதிரில் என் மானத்தை இத்தனை வருஷம் காப்பாற்றியது அந்த விரல்கள்தான்.

அவர் ஊர் வல்லம் போகிற வழியில், இங்கிருந்து ஏழு கிலோமீட்டர். கணவர் சாலமன் தினமும் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். போன சித்திரையில் சாலமனுக்குப் பால் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். வெரோனிகா பஸ்ஸுக்கு மாறினார். அவர் மாறிய நேரம், பஸ்ஸும் நேரத்தை மாற்றிக்கொண்டது. இறங்கி நடந்து கடைக்குள் நுழைய பத்தேகால் ஆகிவிடும். பதிவு அலுவலகத்தில் பத்து மணிக்கு முதல் டோக்கன் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மண்டகப்பட்டிலிருந்து வந்த பார்ட்டி பத்து மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. வெரோனிகா வந்ததும் கத்தித் தீர்த்தேன்.

"ஒரு மாசம் டைம் தரேன். ஒம்பதரைக்குள்ள வந்தா வா. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேன்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. எனக்கும் அது தெரியும். சாலமன் ஏற்கெனவே, "போதும், வீட்ல இரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். அனந்தபுரத்தில் டைப்பிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஜெயக்கொடி என்ற பெண்ணுக்குப் போன் பண்ணி, ஆனி மாசக் கடைசித் திங்கட்கிழமை வந்து பாரம்மா என்றேன். வெரோனிகாவிடம் மூச்சு விடவில்லை.

ஸ்கூட்டி வாங்கச் சொல்லித் தெருவே அவருக்கு யோசனை சொன்னது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டியை ஒருநாள் ஓட்டிப் பார்த்து, அதோடு வைக்கோல் போருக்குள் போய்விட்டு வந்தார்.

"நிறுத்துனா கால் எட்டல சார். வண்டி ஒரு பக்கமா சாயிது, அத்தத் தாங்கற பலம் எனுக்கு இல்ல. சைக்கிள்னா தெரியும். எங்க நைனா சைக்கிள்ல அரைப் பெடல் போட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனேன்."

பாருக்கு அடியில் காலை விட்டு, சீட்டில் உட்காராமலே பாதி பாதியாக மிதித்துப் போவதுதான் அரைப் பெடல். பாவாடை சட்டையில் செய்ததைப் புடவையோடு நாற்பத்தைந்து வயதில் செய்ய முடியாது. ஆகவே கால் எட்டுகிற சைக்கிள் தேடிக் கடை கடையாக ஏறினார். அவர் உயரத்துக்கு எல்லாக் கடையிலும் ஒரே சைக்கிளைத்தான் எடுத்துப் போட்டார்கள். ரோஸ் கலர், பொம்மைப் படம், ஹேண்டில்பார் நுனியில் குஞ்சம். ஒரு கடைக்காரர், "பாப்பா எந்த கிளாஸ் படிக்குது?" என்று கேட்டாராம்.

"பாப்பா நான்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொம்ம போட்ட சைக்கிள்ல நான் ஆபீசுக்கு வரணுமா சார்?" என்றபோது அவர் குரல் உடைந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

கூட்டு ரோடு பக்கம் விநாயகம் என்பவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில் செய்வார், கூடவே சைக்கிளும் பார்ப்பார். வெரோனிகா அவரிடம் போனார். வெறும் கையோடு போகவில்லை. இரண்டு பக்கம் டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் படித்துப் பார்த்தேன். சொத்து விவரம் என்று தலைப்பு. தரையிலிருந்து இருக்கை வரை இருபத்துநாலு அங்குலம். நிறம் கறுப்பு. பின்சக்கரத்தில் புடவை சிக்காதபடி வலை. செயினுக்கு முழு மூடி. கேரியரில் பத்திரம் வைக்க, மழை இறங்காத தகரப் பெட்டி ஒன்று, பூட்டோடு. வலது பக்கம் கண்ணாடி, இடது பக்கம் மணி. கீழே ஊர், தேதி, கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் இல்லை.

விநாயகம் மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லேடீஸ் பிரேமைக் கொண்டுவந்து சீட்டுக் குழாயை அறுத்துக் குட்டையாக்கினார். அதில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் இருபது இஞ்ச் சக்கரங்களைப் போட்டார். வண்டி தாழ்ந்துவிட்டதால் பெடல் தரையில் இடித்தது. அதற்காகப் பெடல் கட்டையையும் சின்ன சைக்கிளிலிருந்து எடுத்து மாட்டினார். பிறகு பார்த்தால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் மேலே அந்தரத்தில் நின்றது. பட்டை ஒன்றை வெல்டிங் வைத்து அதைக் கீழே இறக்கினார். எண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டி செய்தார். கறுப்புப் பெயின்டை இரண்டு தடவை அடித்தார். கிரில் செய்யக் கொடுத்துவிட்டு ஆட்கள் கத்திக்கொண்டிருக்க, மனுஷன் இந்த வண்டியின் முன்னாலேயே குந்தியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை வண்டி வந்தது. விநாயகம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வெரோனிகா வண்டியை மாதா கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய் பங்குச் சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வாங்கினார். இரண்டு பக்கமும் பாதுகாப்பு பலமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஆறு கிலோமீட்டர் நன்றாகவே வந்தார். கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் கை காட்ட, பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. காலைக் கீழே விட்டால் தரை இல்லை. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ கிளம்பியது, இவரும் கூடவே நாலடி போனார், பிறகு நடுரோட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குள் வரும்போது மணி பத்து பத்து. நான் கேட்ட முதல் கேள்வி, "மணி இன்னா?" என்பது. அதற்குப் பிறகுதான் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்தேன். எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

"நேத்து வீட்டுக்கு எடுத்துக்கினு போன பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்குது சார், பெட்டியில இருக்குது" என்றார் வெரோனிகா. அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மதியம் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டை அளந்தார். இருபத்தேழு அங்குலம் இருந்தது. நேராக விநாயகம் பட்டறைக்குப் புறப்பட்டார். நானும் பின்னால் போனேன். அடுத்த திங்கட்கிழமை அவரை அனுப்பிவிடப் போகிற நான் எதற்குப் போக வேண்டும்? எழுதிக் கொடுத்த தாளில் தகராறு என்றால் என் கால் தானாகப் போகும்.

"சீட்டு ஒசரமா இருந்தாத்தான்க்கா மிதிக்க லேசு. முட்டி வலிக்காது. ஒனக்கு நல்லதுக்குத்தான் வச்சேன்" என்றார் விநாயகம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அதும் இல்லாம நீயே எழுதிக் குடுத்திருக்கியே." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கடைசி வரியில் விரல் வைத்தார்.

மேற்கண்ட அளவுகளில் கூடுதல் குறைவு இருப்பினும் ஆட்சேபணை இல்லை.

வெரோனிகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கிரயப் பத்திரத்தின் முடிவிலும் அடித்த வரி. கை பழக்கத்தில் சைக்கிளுக்கும் அடித்துவிட்டது. அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான்.

தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பிறகு என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

"யோவ், இது நெலத்துக்கு எழுதற வாசகம்யா. ஒரு ஏக்கர்ல ரெண்டு சென்ட் கூடக் கொறைய இருக்கலாம், யாரும் சாக மாட்டான். இந்தம்மா கால்ல மூணு அங்குலம் எங்கேருந்து வரும்? நீ செஞ்சி தருவியா?"

பட்டறையில் இரும்புக் கேட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். விநாயகமும் சிரித்தார். "சரி சார், கத்தாதீங்க" என்று சீட்டைக் கழற்றிக் குழாயை மறுபடி அறுத்தார். வெரோனிகா ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் முழுசாகத் தரையில் பதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டும் ஒரு தரம் பதித்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கே ஜெயக்கொடியை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருநாள் ஓட்டிவிட்டால் போதுமா, தினமும் வருவாரா என்ற சந்தேகம் உள்ளே இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. ஆடி பிறப்பதற்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் கூட்டம் அலைமோதும். நான் ஒன்பது மணிக்கே கடை திறக்கப் போனேன். ஷட்டர் முன்னால் கறுப்பு சைக்கிள் நின்றது. வெரோனிகா அதன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தே?"

"எட்டரைக்கு சார். எதிர்காத்து அடிக்கும், லேட்டாயிடும்னு பயந்து சீக்கிரமா கெளம்பிட்டேன். காத்து மூஞ்சில அடிச்சாலும் வெயில் முதுகுலதான் சார். சாயங்காலம் திரும்பிப் போறப்பவும் முதுகுலதான். நல்ல ரோடு."

பத்து மணிக்குள் மூன்று பத்திரம் தயார். முதல் டோக்கன் எங்கள் பார்ட்டிதான். எனக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜெயக்கொடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"சாரி சார், ஒம்பதரைக்கு வரச் சொன்னீங்க. பஸ் கிடைக்கல."

வெரோனிகா எழுந்து அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "இன்னா விஷயமாம்மா வந்தே?"

"டைப்பிங் வேலைக்குக்கா. சார் ஒரு மாசம் முன்னாடியே போன் பண்ணாரு."

வெரோனிகா தன் இடத்துக்குப் போனார், கீபோர்டில் கையை வைத்தார். விரல்கள் நகரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் எந்தக் கோர்ட்டிலும் நான் அப்படித் தலை குனிந்ததில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஆள் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஜெயக்கொடியை நானே அழைத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டேன். மண்டகப்பட்டு பார்ட்டியைக் கொண்டுபோன அதே கடைதான், போகட்டும். திரும்பி வந்து வெரோனிகா மேசை முன்னால் நின்றேன்.

"தப்புதாம்மா. உன்கிட்ட சொல்லாம பண்ணிட்டேன்."

"ஆள் மாத்தறதுன்னா மாத்துங்க சார், அது உங்க கடை. ஆனா என்னைக் கூப்ட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. டெய்லி என்மேல கத்துறீங்களே, அத மட்டும் ஏன் சத்தமில்லாம வச்சிக்கினீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. வாய் விட்டுத் திருத்தியது. சாவிக்கொத்தை எடுத்து, ஷட்டரின் இரண்டாவது சாவியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். என் மகனுக்குக்கூட நான் கொடுக்காத சாவி.

"இது எனுக்கு எதுக்கு சார்?"

"எட்டரைக்கு வந்துட்டு வெளியில உக்காந்து இட்லி சாப்புடுவியா? உள்ள உக்காந்து சாப்புடு."

சாவியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. பிறகு எடுத்துத் தகரப் பெட்டியின் சாவியோடு கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுத்த பத்திரத்துக்குச் சொல்லுங்க சார், வடக்கே யாரு?" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வழியில் ஒருவரிடம் பேச்சு வளர்ந்து, நான் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. ஷட்டர் மேலே ஏறியிருந்தது. ஃபேன் ஓடியது. இரண்டு பார்ட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் மேசை துடைத்திருந்தது. திறந்த கடைக்குள் நான் நுழைந்தது முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வெரோனிகா டைப் அடிப்பதை நிறுத்தாமல் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா சார், லேட்டு?"