ஜன்னலைச் சாத்தினால் போதுமா?

போன புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். என் மனைவி மரகதம் வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நடக்கவில்லை ஸ்வாமி... ஓடினாள்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – மரகதத்துக்கு இழுப்பு உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவாள். மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். யார் வீட்டுச் செம்பருத்தியையாவது ரசிப்பதுபோல் பாவனை செய்வாள். அப்பேர்ப்பட்டவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கத்திரித் தோட்டத்துக்குள் பாய்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்? வாயில் பல்பொடியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் கள்ளிக்குப்பத்துக்காரர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்ததும் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட கூட்டம். தெருவுக்கு மேற்கே இன்னும் தோட்டம்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் கத்திரிச் செடிகள். நல்ல மனிதர். காயும் நல்ல காய்.

ஆனால் பூச்சி விழுந்துவிட்டால்? பழைய வேட்டித் துணியில் மருந்துப் பவுடரை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, அதைக் குச்சியால் தட்டியபடி பாத்தி பாத்தியாக நடப்பார். பனி ஈரம் இருக்கும்போது தட்டினால்தான் இலையில் ஒட்டுமாம். சரி, ஒட்டியது போக மிச்சம்? அதை மேலக்காற்று எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு மக்கல் வாடை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மரகதத்தின் நெஞ்சில் விசில் சத்தம் ஆரம்பிக்கும்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். போன வருஷம் சண்டைக்கே போய்விட்டேன்.

"காத்தை நானா சார் உங்க ஊட்டுக்கு அனுப்பிச்சேன்?" என்றார் ஏழுமலை. "மருந்து அடிக்கலேன்னா காயெல்லாம் சொத்தையாப் பூடும். சொத்தைக் காயை நீங்க வாங்குவீங்களா?"

வாங்க மாட்டேன்.

சர்க்கார் எதற்கு இருக்கிறது என்று கிளம்பினேன். விவசாய ஆபீஸில், "மூச்சுக் கோளாறா? அது சுகாதாரத்துறை சார்" என்றார்கள். சுகாதார ஆபீஸில், "தோட்டத்து மருந்தா? அது விவசாயம் சார்" என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை. உட்காரச் சொல்லித்தான் அனுப்பிவைத்தார்கள்!

பூச்சி மருந்துக்கு எல்லாம் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். விற்கிற கடைக்கு லைசென்ஸ். டப்பாவுக்கு லேபிள், அதில் மண்டை ஓட்டுப் படம் வேறு. ரொம்ப சந்தோஷம். ஆனால் டப்பாவைத் திறந்து தட்டிவிட்ட பிறகு? காற்றில் ஏறிய மருந்து எந்த இலாகா?

மரகதம்தான் வழி கண்டுபிடித்தாள். வேலியோரம் போய், "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க ஏழுமலை. நாங்க சன்னல சாத்திக்கிறோம்" என்றாள். அவரும் ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, "யம்மா! மருந்து அடிக்கப் போறேன்! சன்னல சாத்திக்குங்கோ!" என்று ஒரு குரல் வரும். தெருவே சாத்திக்கொள்ளும். கொடித்துணி உள்ளே போகும். தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டு ஏறும். பிரச்சினை தீர்ந்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

போன புதன்கிழமையும் குரல் வந்தது. மரகதம் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே வந்தாள். கடைசி ஜன்னலில் கை நின்றுவிட்டது.

தோட்டத்துப் பூவரச மரத்தில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா, பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், முந்தின நாள்தான் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எதிர்க் கோடியில் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். ஏழுமலை மரத்துக்கு முதுகைக் காட்டியபடி தட்ட ஆரம்பித்துவிட்டார். வெள்ளையாகப் புகைந்து அது தூளிப் பக்கம் போகிறது...

அப்போதுதான் மரகதம் ஓடினாள்.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், கதவைச் சாத்திவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். குழந்தையின் சட்டையில் கோலமாவு சிந்தினாற்போல் பவுடர். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரத்துணியால் முகம், கை, கால் எல்லாம் துடைத்தாள். அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. இவள் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"உனக்கென்ன பைத்தியமா? இங்கிருந்தே கத்தியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டாரா?" என்று சத்தம் போட்டேன்.

"எனக்கு இழுத்தா..." மூச்சு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "எனக்கு இழுத்தா இழுக்குதுன்னு சொல்லுவேன். இதுக்குச் சொல்லத் தெரியுமா?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன செய்வான்? வெந்நீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதற்குள் கன்னியம்மா ஓடி வந்து வாசலில் நின்று அழுதாள். "தூசிதானேன்னு புள்ளையத் தூளில போட்டுட்டு வேலையப் பாத்தேன்க்கா... எனக்குத் தெரியலியேக்கா..."

"அழாதே. இனிமே மருந்து அடிக்கிற அன்னிக்கு முதல்ல புள்ளைய எங்கிட்ட குடு. அதுக்கப்புறம் மூட்டையத் தொடட்டும் உன் ஊட்டுக்காரரு" என்றாள் மரகதம், விசில் சத்தத்துக்கு நடுவே.

நேற்றுக் காலை மறுபடி மருந்து. ஏழுமலையே குழந்தையைத் தூக்கி வந்தார். மரகதம் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும்வரை அவர் நகரவில்லை.

நான் மட்டும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கு இன்னா சார் ஆவப் போவுது? பழகிப்போச்சு!" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் விடவில்லை. நானே கட்டிவிட்டேன்.

எந்த மருந்தை, வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில், எந்தக் காற்றில் தட்டலாம்? தட்டுகிறவன் மூக்குக்கும் வாய்க்கும் யார் பொறுப்பு? இதற்கெல்லாம் ஒரு சட்டம் போடுங்கள் என்றால் நான் அதிகப்பிரசங்கியா?

குழந்தையை மரகதம் உள்ளே வாங்கிக்கொண்டாள். ஏழுமலையை யார் வாங்கிக்கொள்வது?