மலை மாப்பிள்ளை

எரிமலைச் சரிவில் இருந்த அந்த விடுதியைக் கட்டியவர் மாமனார். மாப்பிள்ளை செய்ததெல்லாம், அவர் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான். ஊரே அவரை 'மலை மாப்பிள்ளை' என்று கேலி செய்தது. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

வேலையெல்லாம் மனைவி தலையில். சாம்பல் படிந்த படுக்கை விரிப்புகளை அவள் அலசிக்கொண்டிருப்பாள். இவர் சோடா பாட்டிலும் கையுமாக விருந்தினர்களுக்கு வகுப்பெடுப்பார். பூமிக்கடியில் உருகிய பாறை, சுற்றியுள்ள பாறையைவிட இலேசு என்பதால் மேலேறுமாம். அதற்குள் வாயு கரைந்து கிடக்குமாம். மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியிட்டுப் பொங்குமாம். மூடியைத் திருகுவார், நுரை பீறிடும், கைதட்டுவார்கள். சொன்னது எல்லாம் சரிதான். கிளிப்பிள்ளைக்குப் பாடம் தப்புமா?

ஒருநாள் காலை மலையில் புகை வருவது நின்றது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மலை அடங்கிவிட்டது, இனிச் சாம்பல் விழாது என்று அறைகளுக்கெல்லாம் புது வெள்ளை விரிப்பு போடச் சொன்னார். கண்காணிப்பு நிலையத்து ஆள் வந்து, உருகிய பாறை இறுகி வாயை அடைத்துவிட்டது, உடனே எல்லோரும் இறங்குங்கள் என்றார். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று மாப்பிள்ளை அவரை விரட்டிவிட்டார்.

"மூடி இறுகுனா உள்ள என்ன ஆகும்னு தினம் நீங்கதானே சொல்றீங்க?" என்றாள் மனைவி. "வேன் சாவியக் குடுங்க. எல்லாரையும் கீழ கொண்டுபோய் விட்டுடறேன்."

"புது விரிப்பு போட்ட அன்னிக்கே ஆளக் கிளப்புவியா? போய் வேலையப் பாரு."

சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

மதியம் மலை வெடித்தது. கல்லும் சாம்பலும் கொட்டின. நடக்க முடியாத ஒரு பெரியவரை அவள் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருந்தபோது வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் மலை மாப்பிள்ளை மட்டும் போனார், நல்ல விசாலமாக.

அவள் விருந்தினர் ஒவ்வொருவர் தலையிலும் தலையணை வைத்து, அந்த வெள்ளை விரிப்பால் கட்டி, நடத்தியே இறக்கினாள். அடிவாரத்துப் பள்ளிக்கூட முகாமுக்குள் அவர்கள் சாம்பல் மூடி நுழைந்தபோது, உள்ளே ஐயா சோடா பாட்டிலோடு நின்று எரிமலை ஏன் வெடிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். வெட்கம் என்பது அந்தக் குடும்பத்தில் அவர் பங்குக்கு வரவே இல்லை.

"உன்னத் தேடித்தான் கிளம்பிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவள் அவர் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். "பெரியவரால முடியல. பாதி வழியில, பாலத்தடியில உக்கார வச்சிருக்கேன். நீங்க பாடத்த நடத்துங்க."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளை பின்னாலிருந்து சொன்னார்:

"வேன் கண்ணாடி பத்திரம்."