சங்கு மேட்டில் கேட்ட ராக் கச்சேரி

யோசனை வந்தது எலப்புள்ளி பஸ் நிறுத்தத்தில். கஞ்சிக்கோட்டில் வேலை முடிந்து மீனாட்சிபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடுத்த பஸ் வருவதற்குள் கைபேசியைத் திறந்தால், 'கோடையிடி' குழுவின் டிக்கெட் விற்பனை தொடங்கியிருந்தது. முப்பது வருடம் ஆன கொண்டாட்டம். இடம், மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில் ஒரு விடுதியின் புல்வெளி. பின்னால் நிற்க 3,500 ரூபாய். முன்னால் உட்கார, விருந்தோடு சேர்த்து 12,000.

கோடையிடியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டுப் பையன்கள் நாலு பேர், நான் பிறப்பதற்கு முன்பே கிட்டார் தூக்கியவர்கள். பாதி தமிழ், பாதி மலையாளம். லாரி, ஷிப்டு, வாளையாறு சோதனைச் சாவடி வரிசை, வேலை கிடைக்காத மாமன் என்று நம் ஊர் விஷயங்களை அலறிப் பாடியவர்கள். பாடகர் வெங்கிக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை.

அறிவிப்புக்குக் கீழே பழைய ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுத்தாலும் இவ்வளவு ஆகாது என்று ஒருவர். பாட்டில் வரும் லாரிக்காரன் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களே என்று இன்னொருவர். நடுவில் அமைதியாக ஒரு பதிவு: "நாங்க மேட்டுல உக்காந்து கேக்கப் போறோம். வர்றவங்க வரலாம். கட்டஞ்சாயா உண்டு. அருளப்பன், பள்ளிவாசல்."

பஸ் வருவதற்குள் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. அப்பா பால் சொசைட்டிக்குக் கிளம்பியவர், வண்டியை நிறுத்தி என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சொட்டரு வெச்சியா அம்மிணி? ஜனவரிப் பனி, காதுக்குள்ள பூந்துக்கும்."

"வெச்சுட்டனுங்கப்பா."

"டிக்கெட்டு?"

"டிக்கெட்டு இல்லைங்க. மேட்டுல உக்காந்து கேக்கறது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு சாக்கும் எடுத்துக்கோ. ஈரத்துல உக்காராத." சாக்கையும் எடுத்துக்கொண்டேன்.

மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மாநிலம் மாறியதைக் கடைப் பலகை சொன்னால் உண்டு, பேச்சில் தெரியாது. அங்கிருந்து உடுமலைப்பேட்டை. உடுமலையில் மூணாறு பஸ் புறப்படத் தயாராக நின்றது, ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 115 ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஐம்பது வயதுக்காரர். சட்டைக்குள் இருந்து வெளுத்துப்போன கறுப்புப் பனியன் எட்டிப் பார்த்தது. அதில் கோடையிடியின் மின்னல் படம், பாதி உதிர்ந்திருந்தது. என் பையிலும் அதே மின்னல்.

"ஏனுங்க, நீங்களும் அங்கதானுங்களா?" என்றார். பெயர் சண்முகம். பொள்ளாச்சியில் மோட்டார் பம்ப் கடை.

மேட்டுக்குப் போகிறேன் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. குரலைத் தாழ்த்தி, "நான் டிக்கெட்டு எடுத்துட்டனுங்க, பின்னால நிக்கறது. ஊட்டுல சொல்லல."

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"மறையூர்ல பம்பு ரிப்பேருன்னு."

கல்லூரிக் காலத்தில் கஞ்சிக்கோட்டு ஆலை மைதானத்தில் இருபது ரூபாய்க்கு அவர்களைக் கேட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று மழையில் மின்சாரம் போய்விட, வெங்கி ஒரு லாரியின் கூரையில் ஏறி நின்று ஒலிபெருக்கி இல்லாமல் பாடினாராம். "அந்த ஆளுக்கு இந்த வெலை போடறதுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று கேட்டார். அடுத்த நிமிடமே, "ஆனா பாருங்க, வாங்கிட்டனே," என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

சின்னாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். அதுவரை முட்காடு, வெயில், சாம்பல் நிறப் பாறை. மறையூர் நெருங்க நெருங்கக் கரும்புத் தோட்டமும் வெல்லம் காய்ச்சும் புகையும். கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள் கைதிகள்போல் எண் போட்டு நின்றன. மறையூரைத் தாண்டியதும் ஜன்னலை மூட வேண்டியதாயிற்று. ஒரு வளைவு திரும்பினால் தேயிலை. அதற்கப்புறம் தேயிலையைத் தவிர வேறெதுவும் இல்லை.

பிற்பகல் ஒரு மணிக்கு மூணாறு. அருளப்பன் ஜீப்போடு காத்திருந்தார். சுற்றுலாக்காரர்களை ஏற்றும் வண்டி. நாற்பத்தைந்து வயது, குரங்குக் குல்லா, சிரித்தால் மொத்த முகமும் மடிந்தது. பள்ளிவாசல் எட்டு கிலோமீட்டர். சண்முகத்தையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். டிக்கெட் எடுத்தவர் என்று தெரிந்ததும் அருளப்பன் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"மூவாயிரத்தஞ்ஞூறு ரூவா அண்ணாச்சி முன்னால உக்காரட்டும். நம்ம ஓசி டிக்கெட்டு பின்னால ஏறட்டும்."

சண்முகம் வெட்கத்தோடு ஏறிக்கொண்டார்.

போகும் வழியில் அருளப்பன் சொன்ன கதைதான் இந்தப் பயணத்தின் மையம். கோடையிடி பிரபலமாவதற்கு முன், எஸ்டேட் மைதானங்களில் வாசித்த காலம் அது. லயத்துக்கு லயம், தொழிலாளர் வீட்டு வரிசைதோறும், பிரிவு எடுப்பார்கள், அதாவது வசூல். கூலி போட்ட வாரத்தில் கச்சேரி நடக்கும், பரிபாடி என்பார்கள். அருளப்பன் அப்போது இளவட்டம். ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுமந்து ஏற்றுவார், முன்வரிசையில் நிற்பார். கடைசிப் பாட்டு எப்போதும் 'செக்போஸ்ட்'. அதன் மூன்றாம் சரணத்தை வெங்கி பாடவே மாட்டார். டிரம் நின்றுவிடும், கிட்டார் நின்றுவிடும், மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிவிடுவார். கூட்டம் பாட வேண்டும். எங்கே வாசித்தாலும் இதுதான் வழக்கம். இருபத்தைந்து வருடம், பாலக்காடு, தேவிகுளம், கோவை என்று எங்கே போனாலும் அந்த மைக் முதலில் அருளப்பனிடம்தான் வரும்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. 'அருளு, எடுடா'ம்பாரு." கியரை மாற்றினார். "இன்னைக்கு அந்தச் சரணத்த நாங்க குடுக்கப் போறதில்ல. பாட்டு நின்னா இந்தப் பள்ளத்துல மேட்டுச் சத்தம் நல்லாக் கீழ எறங்கும். அவரு காது குடுத்துக் கேப்பாரு. ஒண்ணும் வராது. அப்பத் தெரியட்டும், நாங்க வெளிய நிக்கோம்னு. இன்னையோட கோடையிடிய விட்டாச்சு."

ஜீப் அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது இந்தக் கடைசி வரி காதில் விழுந்த அவர் மனைவி செல்வமேரி, கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "போன வருசமும் விட்டாரு, அதுக்கு முந்துன வருசமும் விட்டாரு," என்றார் என்னிடம். "பீடிய விட்டாப்புலதான்."

சண்முகத்தை விடுதி வாசலில் இறக்கிவிட்டோம். யானை இறங்கும் தடம் பக்கத்தில் இருப்பதால் கச்சேரி நான்கு மணிக்கே ஆரம்பித்து, இருட்டுவதற்குள் முடியும் ஏற்பாடு.

மூன்றரை மணிக்கு மேட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. லயத்து ஆட்கள், தொழிற்சாலை ஆட்கள், அடிமாலியிலிருந்து பைக்கில் வந்த இருவர். இடம் தேர்ந்தெடுத்தவர் அருளப்பன். தேயிலைத் தொழிற்சாலையின் ஷிப்டுச் சங்கு மற்ற இடங்களைவிட இந்த மேட்டில்தான் துல்லியமாகக் கேட்கும். லயத்தில் யாராவது வேலைக்குப் பிந்தினால் "நீ என்ன சங்கு மேட்டுக்கு அங்கிட்டா குடியிருக்க, காதுல விழலன்னு சொல்ல?" என்று கேட்பது அங்கே வழக்கம். சங்கு கேட்கிற இடத்தில் கச்சேரி கேட்காதா? யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கீழே விடுதியின் புல்வெளி கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. எதிர்மலையில் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள். நான் சாக்கை விரித்தேன். அப்பாவை மனதுக்குள் மெச்சினேன்.

நான்கு மணி. டிரம் இடித்தது. நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. பேஸ் கிட்டார் தரை வழியாக ஏறியது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். இனி வெங்கியின் குரல்.

வரவில்லை.

டிரம் வருகிறது, பேஸ் வருகிறது. குரலும் வரவில்லை, கிட்டாரின் கீச்சும் வரவில்லை. பொறியியல் படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கு கூரைமேல் மலையைப் பார்த்து நிற்கிறது. கச்சேரிப் பெட்டிகளோ புல்வெளியைப் பார்த்து நிற்கின்றன, முதுகு எங்களுக்கு. கனத்த சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், குரல் முகம் பார்த்த பக்கம்தான் போகும். இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அருளப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குல்லாவைச் சரி செய்தார்.

"நல்ல எடம் புடிச்சீரு," என்றார் செல்வமேரி. "கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில எடமில்லாம கொட்டுச் சத்தம் மட்டும் கேட்ட கதை."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், கீழே இரண்டாம் சரணம் தொடங்கும் இடத்தை டிரம்மை வைத்தே பிடித்து, செல்வமேரி பாட ஆரம்பித்தார். கட்டைக் குரல், கொஞ்சமும் கூச்சமில்லை. பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். அடிமாலிப் பையன்கள் கிட்டாரை வாயாலேயே வாசித்தார்கள். மூன்றாவது பாட்டுக்குள் மேடே பாடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று முதல் நாலு அடியிலேயே யாராவது கண்டுபிடித்துக் கத்துவார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மலையாள வரிகளைத் தென்தமிழ் உச்சரிப்பில் பாடினார்கள், ஒரு சொல் பிசகவில்லை. நான் பதிவுகளில் கேட்ட கோடையிடி இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. என் முதல் நேரடிக் கச்சேரியில் பாடகர் நாற்பது பேர்.

ஆறு மணியளவில் மூடுபனி பள்ளத்தில் ஏறத் தொடங்கியது. 'செக்போஸ்ட்' வந்தது. முதல் சரணம் பாடினோம். இரண்டாவதும் பாடினோம். பிறகு டிரம் நின்றது. பேஸ் நின்றது.

அருளப்பன் கையைத் தூக்கினார். மேடு வாயை மூடிக்கொண்டது. நானும்தான். அவ்வளவு நேரம் பாடிய தொண்டைக்கு அது எளிதாக இல்லை. வரி நாக்கு நுனியில் நின்றது. கீழே இருந்தும் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஓடைத் தண்ணீர் விழுந்தது. செல்வமேரி கணவரைப் பார்த்தார், அவர் புல்லைப் பார்த்தார். நீண்ட நேரம் கழித்து டிரம் தனியாகத் திரும்ப ஆரம்பித்தது. அந்தச் சரணம் அப்படியே போனது. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை.

எல்லோரும் சாக்கு மடித்துக்கொண்டிருக்கையில் சண்முகம் மூச்சிரைக்க மேடேறி வந்தார். குரல் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்டோம். இறங்கிவிட்டது என்றார். உச்ச இடங்களைத் தொடவில்லை. ஆனால் பதிவு போட்டு வாயசைக்கவில்லை, சுதியைக் குறைத்துக்கொண்டு, முழுதும் நின்றுகொண்டே பாடினார். அந்த வயதில் யார் பாடுவார் என்றார்.

பிறகு அருளப்பனிடம் திரும்பினார். "நீங்க பாடுனது கீழ கேட்டுச்சுங்க. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும். முன்னால உக்காந்தவங்க சாப்பாட்டுத் தட்டோட திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. கடைசில மூணாஞ் சரணத்துக்கு வெங்கி மைக்க நீட்டுனாரு. கூட்டத்துப் பக்கம் இல்லைங்க. மேட்டுப் பக்கம் திரும்பி நீட்டுனாரு."

"பேரு சொன்னாரா?" அருளப்பன் கேட்டார்.

"உதடு அசைஞ்சுதுங்க. நான் பின்னால நின்னேன், கேக்கல. அப்பறம் அவரே பாடப் பாத்தாரு. நடுவுல வரிய விட்டுட்டாரு. முப்பது வருசமா அதப் பாடுனதே இல்லைல்ல."

அருளப்பன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். செல்வமேரி இந்த முறை கேலி செய்யவில்லை. இரவு அவர்கள் வீட்டில்தான் எங்கள் இருவருக்கும் கஞ்சியும் கருவாடும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்துதான் அருளப்பன் பேசினார்.

"வெலைய நான் இப்பவும் ஏத்துக்கல. அது தப்புதான். ஆனா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். இப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"அப்பக் கேளும்," என்றார் செல்வமேரி. "நம்ம மைதானம் எங்கயும் போகல. மாதா கோயில் திருவிழா வருது. பிரிவு எடுப்போம். பழைய மாதிரி வாங்கன்னு கூப்பிடும். வரலன்னா ஏன்னு கேட்டுட்டு வாரும்."

அருளப்பனுக்குத் திருவிழா வரை தினமும் சுற்றுலாச் சவாரி. வெங்கி இருப்பதோ பாலக்காட்டு நகரத்தில். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். மேலே போகும்போது பார்த்த அதே சரிவுகள். எங்கள் சமவெளியில் சத்தம் நேராகப் போய்விடும், யாரிடமும் தங்காது. இங்கே ஒரு சொல் சொன்னால் எதிர்மலை அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. பேசாமல் இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறது போல.

அடுத்த ஞாயிறு பாலக்காடு போகிறேன். சண்முகம் கடையை மூடிவிட்டு வருகிறார், இந்த முறை வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு. அப்பாவும் வருகிறேன் என்கிறார். வாசலில் நின்று என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருவிழா, மைதானம், ஜீப்பில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது எல்லாம் அப்புறம். கதவு திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சரணம் தெரியும் என்பதை.