நாலு பத்து பஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதப் பிற்பகல். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் நான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

மதுராந்தகத்துக்கு உள்ளே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண் நான். அந்தப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் பொறியியல் படித்தேன். மாலையில் வகுப்புகள் முடிந்ததும் கணினி ஆய்வகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளியே புளியமரத்தில் பறவைகள் அடைவதைக்கூடக் கவனிக்காமல் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். அந்த மாலைகள்தான் என்னை ஆளாக்கின. பிறகு வேலை, வெளிநாடு, பதவி உயர்வு என்று ஓடி, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் துணைத்தலைவர் ஆகிவிட்டேன்.

படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியபோது, வேறெதுவும் யோசிக்காமல் ஒரு ஆய்வகம் அமைத்துக் கொடுத்தேன். நாற்பது புதுக் கணினிகள். தினமும் நாலரையிலிருந்து ஏழு மணி வரை எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார். எனக்குக் கிடைத்த மாலைகளை அந்தப் பிள்ளைகளுக்கும் தருகிறேன் என்று மிதந்துகொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் போனது. வருகிறவர்கள் ஏழெட்டு விடுதி மாணவர்கள்தான். மற்ற கணினிகளின் மேல் போட்ட உறையைக்கூட யாரும் எடுக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அலுவலகத்தில் அதற்குப் பெயர் கண்டிப்பு. இந்த மாதக் கடைசியோடு ஆய்வகத்தை மூடி, கணினிகளை வேறு கல்லூரிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று மூன்று மணிக்கு இறுதியாண்டு மாணவர்களை அரங்கில் உட்காரவைத்து அதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, வாங்கு வாங்கென்று வாங்கினேன். "தட்டில் போட்டுக் கொடுத்தாலும் எடுத்துச் சாப்பிடச் சோம்பலா?" என்றுகூடக் கேட்டேன். சில பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஏறியது.

வெளியே வந்தால் என் கார் கிளம்ப மறுத்துவிட்டது. மாலையில் மகாபலிபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் எங்கள் நிறுவனக் கூட்டம். கையைப் பிசைந்துகொண்டு நின்ற என்னை ஒரு பேராசிரியர், "எங்க பஸ் அந்த வழியாத்தான் போகுது மேடம், ஏறிக்குங்க" என்று கல்லூரிப் பேருந்தில் ஏற்றிவிட்டார். நான் ஏறியதும் சத்தம் சட்டென்று அடங்கியது. நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சரியாக நாலு பத்துக்கு வண்டி கிளம்பியது.

எத்தனை வருடம் ஆயிற்று, இப்படி ஜன்னலோரத்தில் காற்று வாங்கி! வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. நாற்று வயல்கள், செங்கல் சூளை, ஒரு கோயில் குளம், எல்லாம் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. கோபம் எங்கே இறங்கிப் போனதென்று தெரியவில்லை. கண் சொருகியது. எனக்கு இருபது வயது, மடியில் புத்தகம், விடுதிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அரைத்தூக்கத்தில் ஒரு நினைப்பு.

"மேடம், இத்த கொஞ்சம் பின்னால குட்த்துடுங்க."

விழித்தால், என் முகத்துக்கு எதிரே ஒரு பழைய மடிக்கணினி. திருக்கழுக்குன்றத்தில் இறங்க எழுந்த முன் இருக்கைப் பெண் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் வாங்கிப் பின்னால் கொடுத்தேன். பின் இருக்கைப் பெண் அதை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். அவள் இறங்கும் நிறுத்தம் வரும்முன் அது இன்னொருத்தி மடிக்குப் போனது.

எனக்குத் தாங்கவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து விசாரித்தேன். அந்த ஐந்து தோழிகளுக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். முதலில் இறங்குகிறவளுக்கு முதல் முறை. கடைசியாகக் கோவளத்தில் இறங்குகிறவள் வீட்டுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போட்டுக் காலையில் எடுத்து வர வேண்டும். பேருந்து எங்கே வருகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டும் ஒரு செயலியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். நேர்த்தியான வேலை. குலுங்குகிற பேருந்தில், ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறி மாறி எழுதியது.

"இவ்வளவு ஆர்வம் இருக்கிற நீங்க, ஏம்மா லேபுக்கு வரல?"

கோவளத்துப் பெண், துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு சொன்னாள். "எப்டி மேடம் வர்றது? இந்த பஸ்ஸ வுட்டா மூணு பஸ் மாறணும். வூடு போய்ச் சேர ஒம்போது ஆயிடும். எங்க அத்தா காலேஜையே நிறுத்திடுவாரு. இவ வூட்லயும் அதான்."

"மீட்டிங்ல கேட்டப்ப யாரும் சொல்லலையே?"

"நீங்க எங்க மேடம் கேட்டீங்க? ஏன் வரலன்னு திட்டுனீங்க. எப்போ வர முடியும்னு கேக்கவே இல்லியே."

பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள். "இன்னாத்துக்குடி கிள்ற? உண்மையத்தான சொல்லிகினு கீறேன்!"

கைக்கடிகாரத்தை அவர்கள் ஏன் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. விடுதியில் இருந்த எனக்கு, கல்லூரி முடிந்தால் நாலு எட்டில் அறை. அந்தக் கல்லூரிக்குத்தான் நான் ஆய்வகம் கட்டியிருந்தேன். நாலு பத்துக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களின் கல்லூரி ஒன்று அதே கட்டடத்தில் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மகாபலிபுரம் வந்தது. நான் இறங்கவில்லை. 'நான் இல்லாமலே ஆரம்பியுங்கள்' என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு எழுந்து நின்று, மிச்சமிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அந்தக் கோவளத்துக்காரியே, "பரவால்ல மேடம், எங்க எச்ஓடி இத்தவிட மோசமா திட்டுவாரு" என்றாள். பேருந்தே சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார்.

சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் அவ்வப்போது நீலமாகத் தெரிந்து மறைந்தது. என்ன செய்தால் சரியாக இருக்கும் என்று இம்முறை கேட்டேன். ஏழு மணிக்கு இன்னொரு பஸ் விட்டால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்றார்கள். அவ்வளவுதான் விஷயம்.

கோவளத்தில் அவளோடு நானும் இறங்கினேன். படகுகள் கரையில் வரிசையாக ஏறிக் கிடந்தன. அங்கிருந்தே பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போன் போட்டேன். "சார், கணினி எதையும் எடுக்க வேண்டாம். ஒரு பஸ் வேணும்." "எங்க போறதுக்கு மேடம்?" என்றார் பாவம்.

அடுத்த மாதமே ஏழு மணி பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது ஆய்வகத்தில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கிறதாம். ஆனால் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே அந்தப் பிள்ளைகளின் மாலைகளை மூடப் பார்த்தேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இன்றைக்கும் யாருக்காவது ஏதாவது செய்யக் கிளம்பினால், வாயைத் திறந்ததும், "நீங்க வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.