கிட்டாரோடு முடியும் பாட்டு

அந்தப் பாட்டை யாரும் சும்மா விடுவதில்லை. ஈப்போவில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கீபோர்டு அதைக் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருக்கும். பழைய நகரத்துக் காப்பிக் கடையில் தொப்பி வைத்த ஒருவன் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு மூக்கால் அதை முனகுவான். பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் அவனைவிடச் சுருதியோடு இருக்கும். தைப்பிங்கில் மழைக்கு ஒதுங்கிய கடையில் அதை உருமி மேளத்தோடு கேட்டேன். மழை விடவில்லை. நனைந்தாலும் பரவாயில்லை என்று சடக்கில் இறங்கி நடந்துவிட்டேன்.

பாகான் டத்தோ பக்கம் ஒரு திருவிழாவில், விட்டுப்போன காதலி இருந்த இடத்தில் அம்மனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பாட்டின் நடுவே, இனி என் வாசலுக்கு வராதே என்று அவன் அவளிடம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு கெட்ட ஆசையோடு காத்திருந்தேன். ‘ஓம் சக்தி’யை எட்டு முறை போட்டு அடைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் பாட்டு. மெதுவாகத் தொடங்கும், நடுவில் மின்சாரக் கிட்டார் வந்து நெஞ்சைக் கிழிக்கும். அதை மலாயில் பாடினார்கள், தமிழில் பாடினார்கள், சொல்லே இல்லாமல் புல்லாங்குழலில் ஊதி லிப்டுக்குள் விட்டார்கள். ஒரு பல் மருத்துவரின் சிகிச்சை நாற்காலியில்கூட அது என்னைக் கண்டுபிடித்தது. வாய் திறந்து படுத்திருந்தவனுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை.

இத்தனை வெறுப்புக்கும் எனக்கு உரிமை இருப்பதாக நம்பியிருந்தேன். ஏனென்றால் அந்தப் பாட்டின் அசல் எனக்குத் தெரியும். சித்தியவான் போகும் வழியில், இன்று செம்பனை நிற்கும் இடத்தில் அன்று ரப்பர் நின்றது; அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. ஒரு கிட்டார், ஒரு டிரம் செட்டில் பாதி, பாட நான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் லாரியின் பின்பக்கத்தைத் திறந்து போட்டு கேசட் விற்கிற ஒருவரிடம் வாங்கிய கேசட்டில்தான் அதைக் கற்றோம். நாடா தேய்ந்து, அறுந்து, நகப்பூச்சு வைத்து ஒட்டி, மறுபடி கேட்டோம். ஒரு மூச்சுகூட மாறாமல் பாடினோம். கடைசியில் கிட்டார் தனியாக அழுது அழுது, ரப்பர் காட்டுக்குள் போகும் மோட்டார் சைக்கிளைப்போலத் தூரத்தில் கரைந்து போகும். அதோடு பாட்டு முடியும். அந்த முடிவை மட்டும் எங்கள் பேராக் மாநிலத்தில் யாரும் கெடுக்கவில்லை. அம்மனைக் கொண்டுவந்தவர்கள்கூட அங்கேதான் நிறுத்தினார்கள். அது ஒன்றுக்காக இவர்களைக் கொஞ்சம் மன்னித்து வைத்திருந்தேன்.

போன ஆண்டு ஈப்போவில் ஒரு பாட்டுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். இரண்டு புத்தகம் போட்டவன், ஒரு காலத்தில் பாடியவன், ஞாயிறு மதியம் சும்மா இருப்பவன் என்ற மூன்று தகுதிகளும் எனக்கு இருந்தன. என்னோடு இன்னும் இரண்டு நடுவர்கள். ஒருவர் எல்லோருக்கும் ஒரே மார்க் போடும் கண்ணியவான்; இன்னொரு அம்மாள் நன்கொடை கொடுத்தவரின் மனைவி. முதல் பரிசு வாங்குபவருக்கு, பின்னணி வாசிக்கும் கல்யாண பேண்டிலேயே பாடகர் இடம் என்று அறிவித்திருந்தார்கள். இறுதிச் சுற்றில் எல்லோரும் அதே பாட்டைப் பாடியாக வேண்டும். ஒன்பது பேர். ஒரே பிணத்துக்கு ஒன்பது தடவை பிரேதப் பரிசோதனை.

ஏழாவதாக வந்தவள் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு ஊற்றுகிறவள். அண்ணன் நடத்தும் கடை. முப்பது வயதிருக்கும். பச்சை முக்காடு, கையில் மஞ்சள் கறை. அறிவிப்பாளர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு குழைந்தார்.

“இவங்க மொத பரிசு வாங்குனா சனிக்கெழம கடைக்கு வர வேணாம், பேண்டுல பாடப் போலாம்னு இவங்க அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு! அண்ணே, வாக்கு வாக்குதானே?”

முன்வரிசையில் அண்ணன் எழுந்து கையை ஆட்டினார். “மொத பரிசுன்னா போகட்டும்லா! ரெண்டாவதுன்னா வந்து குழம்பு ஊத்தட்டும். சனிக்கெழம கடையில நிக்க எடம் இல்ல!”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கல்யாணங்கள் சனிக்கிழமைதான் நடக்கும், அந்த பேண்டும் சனிக்கிழமைதான் வாசிக்கும். அவள் அங்கே நின்றது அந்த ஒரு நாளுக்காக.

பாடினாள். நன்றாகவே பாடினாள், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நட்டமில்லை. முன்னால் வந்த ஆறு பேரும் துணி துவைப்பதுபோல அடித்த இடத்தை அவள் சும்மா தொட்டுவிட்டு நகர்ந்தாள். கிட்டார் வந்தது, அழுதது, கரைந்தது. டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முகம் துடைத்தார். கைதட்டத் தொடங்கினார்கள்.

அவள் மைக்கை இறக்கவில்லை. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், அடிக்குரலில், கிட்டத்தட்டப் பேசுவதுபோல, இன்னொரு சரணம் பாடினாள். நான் கேட்டே இராத சரணம். பேண்ட்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கைக்குட்டையைப் பிடித்திருந்த டிரம்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பேராக்கில் பழுதுபடாமல் இருந்த ஒரே இடத்தில் இவள் வந்து சொந்தச் சரக்கை ஊற்றுகிறாள். மைக்கை எடுத்தேன்.

“தங்கச்சி, பாட்டு முடிஞ்சிருச்சு. பேண்டுக்காரங்க பசியாறப் போயிட்டாங்க. நீங்க மட்டும் யாருக்குக் குழம்பு ஊத்திக்கிட்டு இருக்கீங்க?”

மண்டபம் இடிந்து விழுகிற சிரிப்பு.

“அது பாட்டுல இருக்குண்ணே,” என்றாள்.

“எந்தப் பாட்டுல? நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் பாடுற பாட்டுலா இது. ஒரிஜினல் எனக்குத் தெரியாதா?”

அவள் மைக்கை அதன் கம்பியில் ஒழுங்காகப் பொருத்திவிட்டு இறங்கிப் போனாள். மார்க் தாளில் ‘மூலத்துக்கு விசுவாசம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் முட்டை போட்டேன். அந்த முட்டை அவளை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. முதல் பரிசு, தொண்டையில் கல்லை வைத்துப் பாடிய ஒரு சித்தியவான் ஆளுக்குப் போனது. அவள் அண்ணன்தான் பலமாகக் கைதட்டினார். அவருக்குச் சனிக்கிழமைக்கு ஆள் மிஞ்சியது.

அடுத்த வாரம் மனைவியோடு காடியில் சித்தியவானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பு நகைச்சுவையை மூன்றாவது முறையாகச் சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். அவள் தன் ஃபோனில் எதையோ தேடினாள். காடிக்குள் அந்தப் பாட்டு கிளம்பியது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா, நானும் கூடவே பாடினேன். கிட்டார் அழுது ஓய்ந்தது. அணைக்கக் கையை நீட்டினேன்.

“கைய எடுங்க,” என்றாள்.

இரண்டு மூச்சு அளவுக்கு மௌனம். பிறகு அடிக்குரலில், பேசுவதுபோல, அந்தச் சரணம் வந்தது. சொல்லுக்குச் சொல் அதே சரணம்.

ஓரமாக நிறுத்தினேன். செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனது.

“கேசட்டுல எடம் பத்தலன்னு வெட்டியிருப்பான்,” என்றாள் மனைவி. “அந்தப் பக்கத்துல கடைசிப் பாட்டு அதானேன்னு நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. நாடா முடியப் போவுதுன்னு சத்தத்தக் கொறைச்சிருப்பான். நீங்க அதப் போயி மோட்டார் சைக்கிள், ரப்பர் காடுன்னு எழுதுனீங்க.”

எழுதியிருந்தேன். என் முதல் புத்தகத்தில் இருக்கிறது, இரண்டு பக்கம்.

வண்டியை எடுக்க மனம் வரவில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்து கேசட் பதிகிற ஒருவர், அவசரத்தில், வியர்த்த கட்டைவிரலால் சத்தத்தைக் குறைக்கும் பித்தானைத் திருகியிருக்கிறார். அந்தக் கட்டைவிரல்தான் என் ரசனை. எங்கள் பேண்ட் அதைக் கற்றது; எங்களைப் பார்த்து மற்றத் தோட்டங்கள் கற்றன; ஒருவேளை அவர்களும் அதே லாரியில் வாங்கியவர்களாக இருக்கலாம். வானொலிக்காரர்களும் கிட்டார் முடிந்ததும் செய்திக்குத் தாவிவிடுவார்கள். காப்பிக் கடைத் தொப்பிக்காரனைப் பார்த்துக் காறித் துப்பியவன், நானும் ஒரு நகல்தான் என்று தெரியாமல் முப்பத்தைந்து வருடம் திரிந்திருக்கிறேன். ஃபோனில் பாட்டுக் கேட்பவர்களைக் கேவலமாகப் பார்த்தேன். ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

போட்டியில் வாசித்த கல்யாண பேண்டின் தலைவருக்கு ஃபோன் போட்டேன்.

“தெரியும்ணே,” என்றார் சாவகாசமாக. “அந்தச் சரணம் இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் வாசிக்கல? அன்னைக்கு ஏன் சொல்லல?”

“ஒருவாட்டி வாசிச்சோம்ணே. மாப்ளையோட அப்பா மேடைக்கு வந்து, பாட்டத் தப்பா முடிக்கிறீங்கன்னு சண்ட போட்டாரு. ஜனங்களுக்கு இந்த எண்டிங்தான் ஒரிஜினல். அப்புறம் நீங்க ஜட்ஜு. மைக் புடிச்சிட்டீங்க. நான் எங்க நடுவுல பேசுறது?”

அவரை வெறுக்க ஆசையாக இருந்தது. ஆனால் அன்றைக்கு வெறுப்பு முழுவதும் வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு, மதியக் கூட்டம் கலைந்த நேரத்தில், அந்தக் கடைக்குப் போனேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள்.

“சாப்பிடவா, மார்க்கு போடவா அண்ணே?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்தச் சரணம் இருக்கு. நீங்கதான் சரி.”

“தெரியும். மீனா, கோழியா?”

“தங்கச்சி, நெசமாத்தான் சொல்றேன். எம்மேலதான் தப்பு. மொத பரிசு ஒங்களுதுதான்.”

அவள் கரண்டியைக் குழம்புக்குள் விட்டாள். குரல் உயரவே இல்லை. “மைக்குல சொன்னீங்கல்ல, குழம்பு ஊத்துறேன்னு? எங்கண்ணன் இன்னும் அதச் சொல்லிச் சிரிக்கிறாரு. இங்க பெஞ்சுல ஒக்காந்து தண்ணி குடிக்கிறவங்ககூட சொல்றாங்க. இதையும் மைக்குல சொல்லுங்க. இங்க வந்து கோழிகிட்ட சொல்லாதீங்க.”

அந்தச் சனிக்கிழமை மதியம், முன்பின் தெரியாத ஒருவர் கல்யாண விருந்தில், பேண்ட் தலைவரிடம் கெஞ்சி மைக்கை வாங்கினேன். மணமக்களை வாழ்த்தப் போகிறேன் என்று மண்டபம் நினைத்தது. அந்தப் பாட்டு நாம் நிறுத்துகிற இடத்தில் முடியவில்லை, அதைச் சரியாகப் பாடியவளைப் பார்த்து ஒரு மண்டபத்தையே நான் சிரிக்க வைத்தேன், போட்டியில் ஜெயித்தவள் அவள்தான் என்று சொன்னேன். முன்மேசைப் பெரியவர் எலும்பை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். “யாரு இவரு? பொண்ணு வீடா, மாப்ள வீடா?”

“ரெண்டும் இல்லலா. குடிச்சிருக்காரு போல.”

யாரோ அதை ஃபோனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். இந்த ஊரில் பரப்புவதற்கு ஒரு மண்டபத்து உளறல் போதும். அவள் அண்ணனுக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். மண்டபத்தில் வைத்துக் கொடுத்த வாக்கு. கடைக்கு வருகிறவர்கள் வாக்கு என்ன ஆச்சு என்று கேட்கக் கேட்க, அண்ணன் விட்டுக்கொடுத்தார். முதல் பரிசு வாங்கிய சித்தியவான் ஆளும் இரண்டு கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார். பேண்ட் தலைவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவள் பாடும் மூன்றாவது கல்யாணத்துக்குப் போனேன். சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பாட்டைத் தொடங்கினாள். காதைத் தீட்டிக்கொண்டு கடைசிச் சரணத்துக்குக் காத்திருந்தேன். கிட்டார் அழுதது, கரைந்தது. டிரம்காரர் குச்சியை வைத்தார். அவள் மைக்கை இறக்கினாள், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், சிரித்தாள். பாட்டு முடிந்துவிட்டது.

இடைவேளையில் மேடைப் படியருகே போய் நின்றேன்.

“ஏன் தங்கச்சி நிப்பாட்டிட்டீங்க? இப்பதான் பாடலாமே!”

“இங்க யாருண்ணே கேக்குறாங்க?” தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டே சொன்னாள். “பாடுனா மாப்ளையோட அப்பா வந்து சண்ட போடுவாரு.”

“அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் பாடுனீங்க?”

“ஜெயிக்கணும்னுதான். முழுசா பாடுனா மார்க்கு கூட விழும்னு நெனச்சேன். ஜட்ஜுக்குப் பாட்டு தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்.” ஒரு வாய் குடித்தாள். “எனக்கு வேண்டியது சனிக்கெழமதான்ணே. அது கெடச்சிருச்சு. அந்தச் சரணம் ஒங்களுக்குத்தான் வேணும், காடியில போட்டுக் கேட்டுக்கிடுங்க.”

பேண்ட் தலைவர் ஒரு டப்பாங்குத்தை ஆரம்பித்தார். அவள் போத்தலை என் கையில் திணித்துவிட்டு மேடை ஏறினாள்.