வெள்ளிக்கிழமை சாகாதவர்

எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் தனியாக வசித்த காவலாளி ஒருவர் வடிகால் ஓரம் இறந்து கிடப்பதாக ஒரு வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. போனேன், பார்த்தேன், நான்கு வரி எழுதினேன். ‘வெள்ளியன்று காலமானார்’ என்று முடித்திருந்தேன்.

மறு வாரம் அவருடைய அக்கா கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவமனை ஒன்றில் சலவை வேலை. என் செய்தியைக் கத்தரித்துக் கையில் வைத்திருந்தார்.

“தம்பி, வெள்ளிக்கிழம செத்தான்னு யாரு சொன்னா?”

“சர்டிபிகேட்லயும் அப்படித்தானேக்கா இருக்கு?”

“அது பொணத்தப் பாத்த நாளு. அவன் கெடந்த கெடப்பு ஒரு நாள் கெடப்பா? நீங்களும் பாத்தீங்கல்ல? நான் திதி குடுக்கணும்.”

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பது வழக்கம், அப்படியே செய்துவிடலாம் என்று குருக்கள் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது ஆகவில்லை. “ஊர் பேர் இல்லாதவனுக்குக் குடுக்கற மாதிரி என் தம்பிக்கும் குடுக்கவா?”

திங்கள் மாலை தம்பி ரொட்டி வாங்கிப் போனதைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. தவறி விழுந்து தலையில் அடி, குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. எந்த நாள் என்பது அக்கா ஒருவருக்கு மட்டுமே தேவைப்பட்டது.

உடலிலிருந்து புழுக்களைக் குப்பிகளில் எடுத்ததை அன்று நான் பார்த்திருந்தேன். விசாரித்து, அவை போய்ச் சேர்ந்த ஆய்வுக்கூடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். அங்கே உதவியாளராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். மேசை நிறைய வலைத்துணி கட்டிய டப்பாக்கள்.

“அண்ணே, சாப்பாட்டு டப்பான்னு தெறந்துடாதீங்க லா.”

டப்பாக்களில் பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்கள். பிணவாடை பட்டதும் இவைதான் முதலில் வரும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடம் பார்த்து முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். எந்த வகை ஈ, புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வெயில் எப்படி அடித்தது என்று தெரிந்தால் நாளைப் பின்னோக்கி எண்ணலாம். உதவியாளர் எண்ணி வைத்திருந்தார். முதல் முட்டை செவ்வாய்க்கிழமை.

“அப்ப செவ்வாதான்,” என்றேன்.

“அவசரப்படாதீங்கண்ணே. இருட்டுல இது பெரும்பாலும் முட்ட போடாது. திங்க ராத்திரி செத்திருந்தாலும் விடிஞ்சுதான் போடும். செவ்வா பகல்ல செத்திருந்தாலும் அதே கணக்குதான். அதுக்கு மேல என் புழுவுக்குத் தெரியாது.”

அக்கா கைப்பையிலிருந்து பஞ்சாங்கத் தாளை எடுத்தார். செவ்வாய் காலை எட்டு மணி வரை வளர்பிறை நவமி. பிறகு தசமி.

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லும்மா.”

“தெரியாதத எப்படிக்கா சொல்வேன்?”

அக்காவைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அலுவலகம் திரும்பினேன். அவர் கேட்டது மனதில் இருந்தது: நீங்களும் பாத்தீங்கல்ல? அன்றைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ‘வலது கையருகே டார்ச்லைட். பொத்தான் மேலே தள்ளியிருக்கிறது. எரியவில்லை.’ என் கையெழுத்து. நான்கு வரிக்குள் அடங்காது என்று நானே வெட்டியது. எரிந்து எரிந்தே பாட்டரி தீர்ந்திருக்கிறது; பகலில் யாரும் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பதில்லை.

திருத்தம் போட வேண்டும் என்றதும் ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நாலு வரி செய்திக்கு ஒரு திருத்தமா?”

“அந்த நாலு வரியிலதான் சார் தப்பு இருக்கு.”

இரண்டு வரி கிடைத்தது: காலமானது வெள்ளியன்று அல்ல, திங்கள் இரவு. அந்த இதழை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய் டார்ச்லைட் விஷயத்தையும் சொன்னேன். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

“வளர்பிறை நவமின்னு யாரும்மா சொன்னது?” என்று கேட்டார் குருக்கள்.

“பாதி ஈ சொல்லுச்சு சாமி, மீதி டார்ச்லைட்டு சொல்லுச்சு. நீங்க எழுதுங்க.”