அல்போன்சின் இருபது காசு

மலாக்காவில் எங்கள் புக்கிட் பெருவாங்கில் யார் கையில் கோணல்மாணலாக ஒரு காசு கிடைத்தாலும், அது நேரே எங்கள் வீட்டு மாப்பிள்ளை அல்போன்சிடம்தான் போகும். என் தங்கை செலினைக் கட்டியவர். ஆயர் குரோ, பாயா ரும்புட் பக்கம் ஒரு முதலாளி நடத்தும், காசு போட்டுத் துணி துவைக்கும் மூன்று டோபிக்கடைகளில் மிஷின்களைத் துடைத்து, காசை அள்ளிக் கொடுப்பது அவர் வேலை. அள்ளி அள்ளியே நிபுணர் ஆகிவிட்டார். முதுகுத்தண்டில் வட்டு விலகி செலின் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு, அந்த வீட்டுக்கு இவர் சம்பளம் ஒன்றுதான். அதிலும் மிச்சம் பிடித்துப் பூதக்கண்ணாடி வாங்கினார். அரிசி பருப்பை அடுத்த மாதம் வாங்கினால் போதாதா!

ஆனால் மனுஷனுக்கு விஷயம் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஒருநாள் எதிர்வீட்டு ஷாந்தினி ஓரம் கடித்தது போலிருந்த காசு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“அங்கிள், ஃபேஸ்புக்ல இதுக்கு ஆயிரம் வெள்ளி விலை போட்டிருக்காங்க.”

“எதிர்ப்பக்க ஓரத்தைப் பாரும்மா. அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே தகடு வெட்டுப்பட்டிருந்தா, அந்தப் பக்க விளிம்பும் சரியா எழும்பியிருக்காது. இது நல்லா எழும்பி நிக்குது. எவனோ பிளேயர் போட்டுக் கடிச்சிருக்கான். டேமேஜ் லா.”

மாயாண்டி அண்ணன் கொண்டுவந்த காசில் எழுத்து நசுங்கியிருந்தது. “லாரி ஏறியிருக்கு” என்று ஒரே வரியில் முடித்தார். டேமேஜ் என்று சொல்லும்போது மாப்பிள்ளை முகத்தில் வரும் பூரிப்பை, அவர் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

போன பிப்ரவரியில் அவருக்கே ஒரு காசு கிடைத்தது. பழைய இருபது காசு. அளவில் சுருங்கி, விளிம்பு தடித்து உள்ளே மடங்கி, ஓரத்து எழுத்தையெல்லாம் விழுங்கியிருந்தது.

“தப்பான தகட்டுல அடிச்சிருக்காங்க, அண்ணே. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்.”

“எங்க கிடைச்சது?”

“மீன் வாங்கின மிச்சம்.”

மறுநாளே வேலையை விட்டுவிட்டார். நோட்டீசா? கோடீஸ்வரர் எதற்கு நோட்டீஸ் கொடுப்பார்! முதலில் காசை விற்றுவிட்டு அப்புறம் வேலையை விடுங்களேன் என்று செலின் அழுதாள். “உனக்கு விசுவாசம் பத்தல” என்றாராம்.

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, மலாக்கா டவுனில் பழைய நாணயம் வாங்கி விற்கும் வீரப்பனிடம் போனார். வீரப்பன் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“இது டிரையர் காசு, தம்பி. டோபிக்கடையில துணி காய வைக்கிற மிஷின் இருக்குல்ல, அது இடுக்குல மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா சுத்தியிருக்கு. தட்டித் தட்டியே ஓரம் இப்படித் தடிச்சிரும். டோபிக்கடையில வேலை செய்யுறவன் யாரையாவது கேளு, சொல்லுவான்.”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் உண்மை வந்தது. ரிப்பேருக்காக டிரையரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து விழுந்த காசாம். முதலாளி உரிமை கொண்டாடிவிடுவார் என்று மீன் கதை சொன்னாராம். முதல் சிக்னல்வரை சிரித்தேன். அப்புறம் தாங்க முடியவில்லை.

“பத்து வருஷமா அந்த மிஷினுக்குள்ள கைய விடுறீங்க. ஊரான் காசெல்லாம் டேமேஜ், உங்க காசு மட்டும் அதிசயமா? வெக்கமா இல்ல?”

மாப்பிள்ளை அங்கேயே முதலாளிக்கு போன் போட்டு, திரும்ப வருகிறேன் என்று கெஞ்சினார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றவனை எடுக்க மாட்டேன், வேறு ஆள் போட்டாச்சு என்று சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனோம். செலின் டோபிக்கடை டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த இடுப்பு பெல்ட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

“இவர் விட்ட அன்னைக்கே முதலாளிகிட்ட போய் அந்த வேலையக் கேட்டுட்டேன், அண்ணே. யாராவது சம்பாதிக்கணும்ல.”

“குனிய முடியாதே உன்னால” என்றேன்.

“பின்னாடி எட்டல. கொஞ்சம் இறுக்கி மாட்டிவிடுங்க.”

மாப்பிள்ளை ஓடிவந்து கையை நீட்டினார். அவள் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.